டர்பனிலிருந்து வைல்ட் கோஸ்ட் வரை: கடற்கரைப் பறவைகளை எப்போது, எங்கே நின்று பார்ப்பது

காட்டுக்குப் போகிற மாதிரி விடியற்காலையில் கிளம்பிக் கடற்கரைக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். காட்டுப் பறவைக்கு விடியல் முக்கியம். சேற்றில் இரை தேடுகிற உள்ளானுக்கு ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி வடிவதுதான் முக்கியம். சேறு வெளியே தெரிந்தால் உச்சி வெயிலிலும் மேயும். தண்ணீர் மூடிக்கொண்டால் காலை ஆறு மணிக்குக்கூட ஏதோ ஒரு திட்டில் ஒற்றைக் காலில் தூங்கும். முதலில் ஓத நேரம், மற்றதெல்லாம் அப்புறம்.

நாட்காட்டியிலேயே ஓதம் இருக்கிறது

தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீர்வரைவு அலுவலகம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கைபேசிச் செயலிகளும் உண்டு. ஆனால் கோயிலில் கொடுத்த தமிழ் நாட்காட்டி சமையலறையில் தொங்கினால், அடுத்த மாதத்துத் திட்டத்தைச் செயலியைத் திறக்காமலே போட்டுவிடலாம்.

அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஓரிரு நாளில் ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். டர்பனில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வித்தியாசம். அந்த நாட்களில் வற்று காலை பத்து மணியை ஒட்டி வரும். ஏற்றம் அதிகாலை நாலு, மாலை நாலை ஒட்டி வரும். அஷ்டமி, நவமிப் பக்கம் போனால் தலைகீழ்: காலை ஒன்பது பத்துக்கு ஏற்றம், பிற்பகல் மூன்று நாலுக்கு வற்று, வித்தியாசமும் மிகக் குறைவு. இடைப்பட்ட நாட்களுக்கு, ஒரு நாளைக்குச் சராசரி 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போனால் போதும். பாறைக்கரைக்குப் போக வேண்டுமானால் அமாவாசையை ஒட்டிய காலைகளைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பதினொன்றரை வரை பாறை வெளியே இருக்கும்.

இந்த நேரங்கள் திறந்த கடலுக்கானவை. கழிமுகத்துக்குள் தண்ணீர் வடிய அரை மணியோ ஒரு மணியோ கூடுதலாகும். வாய் குறுகலாக இருந்தால் இன்னும் அதிகம். குவாசுலு-நட்டாலில் பல சின்ன ஆறுகளின் வாயை வறண்ட குளிர்காலத்தில் மணல்மேடு அடைத்துவிடும். உம்லங்கா கழி அப்படிப்பட்டது. அடைத்திருக்கும்போது அங்கே ஓதமே கிடையாது, அட்டவணை எதற்கும் உதவாது.

சின்னக் கழிமுகத்தில் தண்ணீர் வடியத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டும். முதல் சேறு தலைகாட்டியதும் பசியோடு இறங்கும் கூட்டம் கரைக்கு அருகிலேயே இருக்கும். ரிச்சர்ட்ஸ் பே போலப் பரந்த இடத்தில் நேர் எதிர்: வற்றில் பறவைகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். அங்கே ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய், தண்ணீர் அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வருவதற்குக் காத்திருங்கள்.

வெளிச்சம்: இங்கே சூரியன் வடக்கே

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். டர்பனில் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலை என்பதால் பெரிய தொந்தரவில்லை. ஜூனில் நண்பகலிலும் வடவானத்தில் 37 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் பறவை வெறும் நிழலுருவமாகத் தெரியும். அலகின் நிறமோ காலின் நிறமோ தெரியாது.

உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் இதன் பொருள், குளிர்காலத்தில் வடகரை. அதாவது சூஃபி பள்ளிவாசல் இருக்கும் ரிவர்சைட் ரோடு பக்கம். தென்கரையின் ப்ளூ லகூன் கோடைக்காலக் காலைக்குச் சரி. காரில் உட்கார்ந்தபடியே பன்னி சாவ் (ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிடுகிற ப்ளூ லகூன் வழக்கம் பறவை பார்க்கவும் தோதானது, ஏனென்றால் கார் நல்ல மறைவிடம். மனித உருவம் 60 மீட்டரில் தெரிந்தாலே எழுந்து பறக்கும் கூட்டம், நின்ற காரைப் பொருட்படுத்தாது. இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதிர்வு கண்ணாடியில் தெரியும். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தால் அதுவே தாங்கி.

கடலைப் பார்க்கும் வேலைக்கு மாலை. கரை கிழக்கு நோக்கியது. காலையில் கண் கூசும், இரண்டு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும்.

கருவிகள்

8x42 பைனாகுலர் போதும். 10x காற்றில் ஆடும், கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். கழிமுகத்துக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் நல்லது, முகப்புக் கண்ணாடி 65 முதல் 80 மி.மீ. ஜூம் 60 வரை போகிறதே என்று கூட்டாதீர்கள். காலை ஒன்பதரைக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பும். 60இல் பறவை நெளியும், 25இல் நின்று தெரியும். ட்ரைபாடைப் பாதி உயரத்துக்கு மேல் நீட்டாமல் உட்கார்ந்து பார்த்தால் காற்று அசைக்காது, பறவைகளும் குறைவாகவே மிரளும்.

உப்பைத் துடைக்கும் முறையில்தான் கண்ணாடிகள் கெடுகின்றன. வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகமும் மணலும் மேல்பூச்சைக் கீறிவிடும். நீர்புகாத கருவியென்றால் குழாய் நீரை மெல்ல ஓடவிட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகே லென்ஸ் துணி. ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி, மூட்டுகளையும் கழுவுங்கள். டர்பன் ஈரத்தில் தோலுறைக்குள் பூட்டி வைத்த லென்சில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

திட்டில் உட்கார்ந்திருப்பது என்ன

மணல்திட்டில் ஆலாக்கள் (டெர்ன்) எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே திசையில் உட்காரும். இனப்பெருக்கக் காலம் இல்லாதபோது தலையின் கறுப்பு பின்னுக்குப் போய் எல்லாமே வழுக்கை விழுந்த மாதிரி இருக்கும், ஆகையால் தலையை நம்பாமல் அலகைப் பாருங்கள். அலகு மஞ்சள், லேசாகப் பச்சை ஓடியது, உடல் பெரியது என்றால் பெரிய கொண்டை ஆலா. ஆண்டு முழுவதும் இருக்கும். அதைவிடச் சற்றுச் சிறியது, அலகு தெளிவான ஆரஞ்சு என்றால் சிறிய கொண்டை ஆலா. கோடையில் வரும், கேப் டவுன்காரர்களுக்கு அரிது, நமக்கு எளிது. கறுத்த அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் தொட்டிருந்தால் சாண்ட்விச் ஆலா. அந்த நுனி மஞ்சள் தூரத்தில் தெரியாது. அலகு முனை முறிந்ததுபோல் தெரிந்தால் அதுதான். கேரட் தடிமனில் சிவந்த அலகு காஸ்பியன் ஆலாவுக்கு மட்டும்தான். இவற்றுக்கு நடுவே குட்டியாக, இறக்கையின் முன்விளிம்பில் கருந்தீற்றலோடு இருப்பது சாதாரண ஆலா.

சேற்றில் இருப்பவற்றுக்கு அலகின் வடிவமும் நடையும்தான் அடையாளம். வளைமூக்கு உள்ளானின் அலகு கடைசி மூன்றில் ஒரு பங்கில் கீழே வளையும். முழங்கால் தண்ணீரில் நின்று தையல் மிஷின் ஊசியாகக் குத்தும். பறக்கும்போது முதுகும் வாலும் சேரும் இடத்தில் வெள்ளைப் பட்டை. சிறு உள்ளான் அதன் பாதி அளவு, அலகு குட்டை, நேர். அலை பின்வாங்கும்போது துரத்திப் போய்க் கொத்திவிட்டு அடுத்த அலைக்கு முன் ஓடி வரும் வெளிர்ப் பறவை சாண்டர்லிங். திறந்த மணற்கரையில் பாருங்கள், சேற்றில் தேடவேண்டாம். டெரெக் உள்ளானின் அலகு மேல்நோக்கி வளையும், கால் ஆரஞ்சு, குனிந்தபடி நண்டுகளைத் துரத்தி ஓடும். ஒன்றைக் கண்டால் அன்றைக்கு வந்தது வீண்போகவில்லை. சாம்பல் உப்புக்கொத்தி நிற்கும்போது ஒன்றும் சொல்லாது. பறக்கும்போது அக்குளில் கறுப்பு தெரியும். பாறைகளில் கடற்பாசியைப் புரட்டிக்கொண்டே போவது கல்திருப்பி உள்ளான்.

சின்ன உப்புக்கொத்திகளில் மார்பில் ஒரு கறுப்புப் பட்டை என்றால் வலசை வந்தது, இரண்டு கறுப்புப் பட்டை நடுவே வெள்ளை என்றால் உள்ளூர்க்காரர். பட்டையே இல்லாமல் மணல் நிறத்தில் நெற்றி வெள்ளையாக இருந்தால் வெண்ணெற்றி உப்புக்கொத்தி, இந்தக் கரையிலேயே முட்டையிடுவது.

மங்கலாக, எதிலும் சேராமல் ஒரு உள்ளான் தெரிந்தால் புது இனம் என்று குதிக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது இளம் பறவையாகவோ இறகு மாற்றும் பறவையாகவோ இருக்கும்.

மாதங்கள்

நமக்கு ஆடி குளிர், தை புழுக்கம். கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே வளைமூக்கு உள்ளான் இனம் இங்கே கோடைக்கு வருகிறது. இரண்டும் சைபீரிய வடதுருவச் சமவெளியில் பிறந்தவை.

ஆவணிக் கடைசியில் முதிர்ந்த பறவைகள் முதலில் வந்து சேரும். புரட்டாசி விரதம் தொடங்கும்போது பார்த்தால் சிலவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மீதமிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் வரும்: முதுகு செதில் செதிலாக, மார்பில் லேசான இளம் பழுப்பு. இவை மனிதரை அதிகம் கண்டிராதவை, அருகில் விடும். படம் எடுக்க நல்ல காலம் இதுதான்.

மார்கழியில் பள்ளி விடுமுறை. டிசம்பர் 16 முதல் ஜனவரி முதல் வாரம் வரை டர்பன் கரையில் காலை ஏழு மணிக்கு மேல் பறவை தங்காது. அந்த நாட்களில் மாலை நேரத்தை மவுண்ட் மோர்லாண்டுக்குக் கொடுங்கள். டொங்காட்டுக்கும் லா மெர்சிக்கும் பக்கத்தில், கிங் ஷாகா விமான நிலையத்தை ஒட்டிய நாணல் சதுப்பில் தகைவிலான்கள் இரவு தங்க இறங்கும். முப்பது லட்சம் வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை. சூரியன் மறைய அரை மணி முன்பே மடக்கு நாற்காலி போட்டுவிடுங்கள், கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். கடைசி இருபது நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும், இருட்டிவிட்டதே என்று முன்னமே எழுந்து போகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள். நாணல் நிலை மாறினால் கூட்டம் இடம் மாறும். கிளம்பும் முன் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசக் காவடி சமயம் எண்ணிக்கை நிலையாக இருக்கும், கணக்கெடுக்க ஏற்ற காலம். பங்குனியில் உள்ளான்கள் கொழுத்துச் சிவந்துவிடும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழாக் கூட்டம் கூடும் நாட்களில் கிளம்பத் தொடங்கியிருக்கும், ஏப்ரல் பாதிக்குள் பெரும்பாலானவை போய்விடும். இந்தச் சில வாரங்களில் கூட்டத்தைக் கிளப்பாமல் இருப்பது மிக முக்கியம். ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பைக் கரைக்கும். மேய்ச்சல் நின்று தலைகள் நிமிர்ந்தால் அதுவே எல்லை, அங்கேயே நில்லுங்கள். நேராக நடக்காமல் சாய்வாக, அடிக்கடி நின்று போனால் இன்னும் சில மீட்டர் கிடைக்கும். வைகாசிக்குப் பிறகும் சேற்றில் நிற்கிற சாம்பல் நிற உள்ளான்கள் நோயாளிகள் அல்ல, முதல் ஆண்டுப் பறவைகள். வடக்கே போகாமல் தங்கிவிட்டவை.

ஆனி, ஆடி: சார்டீன் காலம்

குளிரில் கரை வெறிச்சோடும் என்று நினைப்பது தவறு. எங்களைக் கேட்டால் ஆண்டின் சிறந்த இரண்டு மாதங்கள் இவைதான்.

மே கடைசி முதல் ஜூலை வரை, கரையோரத் தண்ணீர் குளிர்ந்ததும் சார்டீன் மீன்கூட்டம் வைல்ட் கோஸ்ட் வழியாக வடக்கே வரும். அதன் மேலே கேப் கானெட்டுகள். வெள்ளை உடல், மஞ்சள் தோய்ந்த தலை, இறக்கையின் நுனியும் பின்விளிம்பும் கறுப்பு. இளசுகள் முழுக்கப் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. கரைவலைக்காரர்கள் முதலில் தேடுவதே இவற்றைத்தான். பறவைகள் தண்ணீருக்குச் சற்று மேலே வரிசையாக ஒரே திசையில் போனால் வெறும் பயணம். இருபது முப்பது மீட்டர் உயரத்தில் சுழன்று, இறக்கையைப் பின்னுக்கு மடித்து ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அடியில் மீன் இருக்கிறது. கூட்டம் கலைந்து அரை கிலோமீட்டர் தள்ளி மறுபடி விழுந்தால் மீன் நகர்கிறது. காரை எடுத்து அடுத்த முனைக்குப் போங்கள். ஸ்காட்பர்க், பார்க் ரைனி, பென்னிங்டன், மார்கேட் எல்லாம் கார் நிறுத்தி உயரத்திலிருந்து பார்க்க வசதியானவை. மீன் வரும் நாட்களில் சுறா வாரியம் பாதுகாப்பு வலைகளை எடுத்துவிடும், அப்போது குளிக்க இறங்காதீர்கள்.

கடுமையான தென்மேற்குக் காற்று அடித்த மறுநாள் உம்லங்கா கலங்கரை விளக்கத்தடியிலோ ப்ளஃப் மேட்டிலோ ஸ்கோப்பை நிறுத்துங்கள். 25x வைத்து, அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முழு வீச்சுக்கு மூன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக ஓட்டினால் அலையின் பள்ளத்தில் இருக்கும் பறவை தப்பிவிடும். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்தான் அடையாளக் குறி: “சிவப்புக் கப்பலுக்கு இடப்பக்கம், இரண்டு விரல்” என்றால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். இறக்கையை அடிக்காமல் விறைப்பாகச் சாய்ந்து எழும்பி இறங்குவது அல்பட்ராஸ், நம் கடலில் மஞ்சள்மூக்கு அல்பட்ராஸே அதிகம். முழுக்கக் கறுத்துத் தாழப் பறப்பது பெரும்பாலும் வெண்தாடைப் பெட்ரல். காற்று வடகிழக்காக மாறினால் பொறுக்கிப் பார்க்க அதிகமிருக்காது. கரையில் நீலக்குமிழ் ஜெல்லிகள் ஒதுங்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இதே மாதங்களில் உம்கேனி வடகரையின் பீச்வுட் அலையாத்திக் காட்டில் அலையாத்தி மீன்கொத்தி இருக்கும். கோடையில் வைல்ட் கோஸ்ட் ஆற்றோரங்களில் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு இங்கே வரும். தாழ்ந்த கிளையில் அசையாமல் நண்டுக்குக் காத்திருக்கும். அலகு இரண்டு தாடையும் சிவப்பு. கீழ்த்தாடை கறுப்பென்றால் அது வனமீன்கொத்தி, கோடையில் வருவது. நண்டு வெளியே வரும் வற்று நேரத்தில் தேடுங்கள்.

ம்டாம்வுனா ஆற்றுக்கு அப்பால்

போர்ட் எட்வர்டு தாண்டினால் வைல்ட் கோஸ்ட். ம்காம்பதி, லுலேகா, த்வேசா காப்பகங்களுக்குப் போகும் கடைசிப் பாதை மண்சாலை. மழைக்குப் பின் சாதாரணக் கார் தடுமாறும், மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள், டீசலை முந்தைய ஊரிலேயே நிரப்புங்கள்.

ம்சிகாபா ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் கேப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் போங்கள், ஒன்பது மணிக்கு முன் அவசரப்பட வேண்டாம்: பாறை சூடேறி காற்று மேலெழுந்த பிறகுதான் கழுகுகள் கிளம்பும். ஆறுகளில் கிளைகள் தண்ணீரைத் தொடும் நிழலோரங்களில் ஆப்பிரிக்க ஃபின்ஃபுட் நீந்தும். இதற்கு மட்டும் விடியல்தான். காற்றும் படகும் இல்லாத தண்ணீரில் தெரியும் வளையங்களைக் கவனியுங்கள்.

பாறைக்கரையில் கறுத்த உடல், சிவந்த அலகு, ஜோடியாக நிற்பது கறுப்புச் சிப்பிபிடிப்பான். அக்டோபர் முதல் மார்ச் வரை, உயர் ஓதக் கோட்டுக்கு மேலே வெறும் மணலில் முட்டையிடும். ஒன்று உரக்கக் கத்திக்கொண்டு உங்களுக்கு முன்னால் நடந்தால் கூடு அருகில் இருக்கிறது. தேடாதீர்கள், ஈர மணலுக்கு இறங்கி, அலையோரமாகவே கடந்து போங்கள். தாய் எழுந்துபோன முட்டை நடுப்பகல் மணலில் சில நிமிடங்களில் வெந்துவிடும். வெண்ணெற்றி உப்புக்கொத்தி எழும்போது முட்டை மேல் மணலைத் தள்ளிவிட்டுப் போகும், அதனால் மிதிக்கும் வரை தெரியாது. 2002 முதல் இந்த நாட்டில் பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை இருப்பதற்கு இவையும் ஒரு காரணம்.

நடந்து போகிறவர்கள் ஆற்று வாயைக் கடக்க வேண்டிவரும். வற்று நின்ற நேரத்தில் கடந்து போங்கள். வடிந்துகொண்டிருக்கும்போது இறங்கினால் இழுப்பு கடலை நோக்கி இருக்கும். போர்ட் செயின்ட் ஜான்ஸில் ம்சிம்வுபு ஆற்று வாயில் காளைச் சுறாக்கள் உண்டு. அங்கே தண்ணீரில் கால் வைக்காதீர்கள். வடக்கே ம்டுன்சினியின் உம்லலாசியிலும் செயின்ட் லூசியாவிலும் முதலை, லூசியாவில் நீர்யானையும் உண்டு. கழியின் விளிம்பிலிருந்து பல மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

டர்பனுக்குள் ஆபத்து வேறு மாதிரி. முகத்துவாரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேராகப் போங்கள், ஒருவர் பறவையைப் பார்க்காமல் சுற்றுப்புறத்தைப் பார்க்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்த பின் உம்கேனி நீர் மோசமானது. சேற்றில் இறங்கினால் பூட்ஸ், முடிந்ததும் சோப்பு.

எழுதி வைப்பது

கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் பறந்துவிடும். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பிடித்து, அதைத் திட்டு முழுவதும் அளந்து போங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் தவறு வெளிப்படும். நெருக்கமாக உட்கார்ந்த ஆலாவைக் குறைவாகவே எண்ணுவோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர்ட்லாசர் செயலியில் பதிந்தால் பட்டியல் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்கு நேரே போகும். 2007இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அது. முழுப் பட்டியலுக்கு வரைபடத்தின் ஒரே சதுரத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம், கண்ட வரிசையிலேயே பதிவு; ஐந்து நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். சதுரத்தின் எல்லையைத் தாண்டி எதிர்க்கரையில் கண்டதைச் சேர்ப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தனி: ஆண்டுக்கு இருமுறை, நடுக்கோடையிலும் ஜூலையிலும்.

ஒதுங்கிய பறவைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் 2018இல் கொண்டை ஆலாக்களையும் 2021இல் கேப் நீர்க்காகங்களையும் கொன்றிருக்கிறது. காலில் உலோக வளையம் தெரிந்தால் குச்சியால் திருப்பி எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எண், எந்தக் கால், இடம், தேதி, பறவை உயிரோடிருந்ததா என்பதைக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ரிங் என்ற பறவை வளையப் பிரிவுக்கு அனுப்பினால், அது எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்று பதில் வரும். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றக் கூடாது. ஸ்கோப்பில் பல கோணத்தில் பார்த்து எண்ணைத் துண்டு துண்டாகச் சேர்த்து எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.